காரின் கண்ணாடிக்கு ஒரு குடை

சென்ற சித்திரையில் நல்லூருக்கு ஒரு திருமணத்துக்காகக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். மண்டபத்துக்கு அருகில் நிழலுள்ள இடமெல்லாம் முன்னரே வந்தவர்களின் வாகனங்களுக்காகிவிட்டன. எங்கள் கார் வெட்டவெளியில் இரண்டரை மணி நேரம் நின்றது. விருந்துண்டு, வெற்றிலை பெற்று, விடைபெற்று வந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த காற்று அடுப்பங்கரைக் காற்றாக இருந்தது. ஐந்து வயதுப் பேரன் எங்களை முந்திக்கொண்டு ஏறியவன், ஆசனப் பட்டியின் உலோகக் கொளுக்கி தொடையிற் பட்டதும் குளறி அழத் தொடங்கினான். தோல் சிவந்து ஒரு சதக்காசளவு கன்றிவிட்டது.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர தொடையைப் பாருங்கோ! இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியளோ?" என்றார் என் மனைவியார். நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்து, "ஆனா முந்தி ஒட்டின கறுப்பு மாதிரி ஒண்டும் வேண்டாம்" என்று எல்லையையும் வகுத்துவிட்டார்.

அந்தக் கறுப்பின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. யப்பானிலிருந்து வந்த இந்தக் காரை வாங்கிய காலத்தில், கொழும்பிலுள்ள ஒரு கடையில் நான்கு பக்கக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் மலிவான கருநிறப் பிலிம் ஒட்டுவித்தேன். பார்வைக்கு மிடுக்காகவே இருந்தது. உள்ளிருப்பவர் எவரென்று தெரியாததில் எனக்கும் ஒரு சிறு பெருமை இருந்ததை இப்போது ஒப்புக்கொள்ளலாம். அதே ஆண்டில் ஒரு மாலை, யாழ்ப்பாணத்துக்கு வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம். பொழுது மம்மலாகிவிட்டது. ஏ-9 வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் வலப்புறமாகத் திரும்பியபோது, விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியில் ஒரு முதியவர் வந்தார். பக்கக் கண்ணாடியூடாக நான் பார்த்த இடத்தில் இருள் மாத்திரமே இருந்தது. முன்கண்ணாடிக்குள் அவர் வந்த பின்னரே கண்டேன். அரை முழத்தில் தப்பினார். வண்டியை நிலத்தில் ஊன்றி நின்று, "தம்பி, கண்ணாடியை இறக்கிப்போட்டு ஓடும்" என்றார். ஏச்சுப் பேச்சு வேறொன்றுமில்லை. என் தலை நரைத்திருந்ததை அவர் அந்தக் கறுப்பூடாகக் கண்டிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து இரவிலே கண்ணாடியை இறக்கிவிட்டே ஓடினேன். இரண்டு மாரி கழியுமுன் அப்படலம் கத்தரிப்பூ நிறமாகி, ஓரங்களிற் குமிழ் விட்டது. உரித்தெறிந்தேன். வெப்பத்தையாவது குறைத்ததா என்றால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஏன் குறைக்கவில்லை என்பது திருமணத்துக்குப் பின் இவ்விடயத்தைத் துருவிப் படித்தபோதுதான் விளங்கிற்று. வாசகர்களில் பலருக்கும், விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கும் பயன்படலாமென்று அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நிலத்தை வந்தடையும் வெயிலின் சக்தியை நூறு பங்காகக் கொண்டால், கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறக்குறைய 45 பங்கு. கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் 50 பங்கை ஒட்டியது. எஞ்சிய மூன்று நான்கு பங்கே கழியூதாக் கதிர். சாதாரணக் கண்ணாடி இம்மூன்றையும் பெருமளவுக்கு உள்ளே விடுகின்றது. உட்புகுந்த கதிர்களை ஆசனமும் முன்தட்டும் விழுங்கிச் சூடேறி, அச்சூட்டை வேறுவகைக் கதிராகவும் காற்றின் மூலமாகவும் வெளியிடுகின்றன. அந்த இரண்டாங் கதிர் நெடிய அலைநீளம் உடையது. கண்ணாடி அதற்கு வழிவிடாது. சூடேறிய காற்றும் அடைபட்டுக் கிடக்கிறது. வருபவருக்குக் கதவு திறந்து, போகிறவருக்குப் பூட்டும் வீடு போன்றது இது.

அக்காலத்து மொறிஸ் மைனர்க் காரின் முன்கதவில் முக்கோணமாக ஒரு சிறு சாளரம் இருந்ததைப் பெரியவர்கள் நினைவிற் கொண்டிருப்பர். அதைச் சற்றுத் திருப்பிவிட்டால் ஓடும்போது காற்று முகத்தில் அடிக்கும். குளிரூட்டி வந்ததும் அந்தச் சாளரம் போயிற்று. கண்ணாடிகளோ ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே வந்தன.

என் பழைய கறுப்புப் படலம் சாயம் தோய்த்த வகை. சாயம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மறைக்கும். வெப்பத்தின் பாதியைச் சுமந்துவரும் செங்கீழ்க் கதிரைப் பெரும்பாலும் போகவிட்டுவிடும். பார்வையையும் இழந்து வெப்பத்தையும் வாங்கியிருந்தேன் என்பதே அதன் பொருள். வெயிலிற் சாயம் வெளுப்பது எந்தச் சலவைக்காரருக்கும் தெரிந்த செய்தி. அந்தச் சாயம் நிறம் மாறி ஊதாவாய் நின்றதில் வியப்பில்லை.

இதற்கு அடுத்த வகை, மெல்லிய உலோகப் பூச்சுள்ள படலம். இது வெயிலைத் திருப்பி எறியும். வெப்பத்தை உண்மையாகவே குறைக்கும். ஆயினும் வானொலி, கைத்தொலைபேசி, வழிகாட்டும் கருவி ஆகியவற்றின் அலைகளையும் மறித்துத் தொல்லை தரக்கூடும். காபன் கலந்த வகையொன்றும் உண்டு. அது வெளுக்காது, அலைகளை மறிக்காது. வெப்பத் தடுப்பில் நடுத்தரமானது.

இன்று எல்லாக் கடைகளிலும் பேசப்படுவது செரமிக் படலம். செரமிக் என்றதும் பீங்கானும் ஓடும் நினைவுக்கு வரும். இங்கே மண்ணுக்கு வேலையில்லை. அந்திமனி கலந்த வெள்ளீய ஒட்சைட்டு, இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு, சீசியம் தங்குதன் ஒட்சைட்டு போன்ற சேர்வைகளை மிக நுண்ணிய துகள்களாக்கி, பொலியெஸ்ரர்த் தாளிற் கலந்தோ பூசியோ இதனைச் செய்கின்றனர். துகள் ஒவ்வொன்றும் சில பத்து நனோமீற்றர் அளவினது. ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரை. அதனிலும் மிகச் சிறிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதில்லை. ஆகவே படலம் மங்காது தெளிவாகத் தோன்றுகிறது. ஆனால் இத்துகள்களில் தாராளமாக உலாவும் இலத்திரன்கள் செங்கீழ்க் கதிரைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. இருட்டாக்காமலே வெப்பத்தைக் குறைக்கும் வித்தை இதுவே. உலோகத் தகடு போலத் தொடர்ச்சியாக இல்லாதபடியால் தொலைபேசி அலைகளுக்கும் இடையூறில்லை.

கடைக்குச் சென்றால் எண்களால் நம்மை மலைக்க வைப்பர். மூன்று எண்களை விளங்கிக்கொண்டாற் போதும். முதலாவது, நூற்றுக்கு எத்தனை பங்கு ஒளி உள்ளே வருகிறது என்பது. 70 என்றால் தெளிவானது. 35 என்றால் நிழல். 5 என்றால் இருட்டறை. இங்கே பலர் தவறும் கணக்கொன்று உண்டு. காரின் கண்ணாடி தானே நூறு பங்கு ஒளியில் 80 அளவைத்தான் உள்ளே விடும். அதன்மேல் 70 உடைய படலத்தை ஒட்டினால் உள்ளே வருவது எண்பதில் நூற்றுக்கு எழுபது, அதாவது 56. படலம் 35 ஆனால் 28. படலம் 5 ஆனால் வெறும் 4. என் பழைய கறுப்பு எந்த எண்ணுடையது என்பதை நான் கேட்கவுமில்லை, கடைக்காரர் சொல்லவுமில்லை. முறிகண்டி முதியவர் அந்த நாலு பங்கு வெளிச்சத்துக்குள்தான் வந்திருப்பார் போலும்.

இரண்டாவது எண், செங்கீழ்க் கதிரைத் தடுக்கும் அளவு. 95, 97 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். இதை அப்படியே நம்பவேண்டாம். சில தயாரிப்பாளர் செங்கீழ் நிறமாலை முழுவதையும் அளப்பதில்லை. தங்கள் படலம் நன்றாக வேலை செய்யும் ஓர் அலைநீளத்தை மட்டும் அளந்து அந்த எண்ணைப் போடுகின்றனர். கணக்குப் பாடத்தில் மட்டும் 97 எடுத்த பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை போன்றது அது.

மூன்றாவது எண்ணே முக்கியமானது. வெயிலின் மொத்தச் சக்தியில் எத்தனை பங்கு வெளியே நிறுத்தப்படுகிறது என்பதை அது காட்டும். தெளிவான செரமிக் படலமொன்றில் இது 50ஐ ஒட்டி நின்றால் நல்லது என்பேன். சற்று நிழலான படலத்தில் 60 வரை போகும். செங்கீழ்த் தடுப்பு 97, மொத்தத் தடுப்பு 50 என்றால் முரணாகத் தோன்றலாம். படலம் விழுங்கிய வெப்பத்தில் ஒரு பகுதி உட்புறமாகவும் கசியும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை நாம் விரும்பியே உள்ளே விடுகிறோம். அதுவும் ஆசனத்திற் பட்டு வெப்பமே ஆகும். எனவே வீட்டுக்கூரை போலக் குளிர்ச்சி தரும் கண்ணாடியை எவரும் விற்கமுடியாது.

கடைகளில் ஒரு வேடிக்கை காட்டுவர். வெப்ப விளக்கொன்றை ஏற்றி, அதன் முன்னே வெறுங் கண்ணாடியை வைத்து நம் கையை நீட்டச் சொல்வர், சுடும். பின்னர் படலம் ஒட்டிய கண்ணாடியை வைப்பர், சூடே தெரியாது. நாம் அசந்துபோவோம். அந்த விளக்கு உமிழ்வதோ பெரும்பாலும் செங்கீழ்க் கதிரே. வெயிலில் அது பாதிதான். விளக்கின் முன் தோன்றும் வித்தியாசத்தை வீதியில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நான் இரண்டு மாதிரித் துண்டுகளை வாங்கி வெளியே வெயிலுக்குச் சென்று, ஒவ்வொன்றையும் புறங்கைக்கு மேலே ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தேன். கடைப் பையன் சிரித்தான். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது; விலை கூடியதே சிறந்ததாகவும் இருக்கவில்லை.

தோலைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பிளாத்திக்குத் தாள் வைத்து அழுத்திச் செய்யப்படுவது. அந்தத் தாள் கழியூதாக் கதிரின் பெரும் பகுதியை நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைத் தகடு. அவை எரிகாயமுண்டாக்கும் வகையைத் தடுப்பினும், தோலின் ஆழத்திற் சென்று சுருக்கம் விளைவிக்கும் வகையைக் கணிசமாக விட்டுவிடுகின்றன. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையாகிய 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' ஒரு படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுச் சாரதி ஒருவரின் முகம் அது. சாளரத்துப் பக்கமான இடது கன்னம் தடித்து, சுருங்கித் தொங்க, வலது கன்னம் பல ஆண்டு இளமையாக இருந்தது. நமது நாட்டில் சாரதி வலப்புறத்தில் இருப்பதால் நமக்கு வலது கன்னமே அந்தக் கணக்கைத் தீர்க்கும். நல்ல படலம் எதுவாயினும், தெளிவானதாயினும், கழியூதாக் கதிரில் நூற்றுக்கு 99 பங்கை நிறுத்திவிடும். இதற்குக் கறுப்பு வேண்டியதில்லை.

யப்பானிலிருந்து வரும் வாகனங்கள் பலவற்றின் பின் கண்ணாடிகள் தொழிற்சாலையிலேயே கருமையாக்கப்பட்டிருக்கும். அது பிறர் பார்வையை மறைக்கச் செய்தது. வெப்பத்தைத் தடுக்கும் ஏற்பாடென்று எண்ணிவிடக்கூடாது. கருமைக் கண்ணாடிக்கு மேலே தெளிவான செரமிக் படலத்தை ஒட்டினால் பின் ஆசனத்துப் பிள்ளைகளுக்கு வெப்பம் குறையும். அதே யப்பானில் முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் நூற்றுக்கு 70 பங்கு ஒளியேனும் விடவேண்டுமென்பது விதி. பிரித்தானியாவில் 1985 ஏப்ரல் முதலாந் திகதியிலோ அதற்குப் பின்னோ ஓடத் தொடங்கிய வாகனங்களுக்கு முன்கண்ணாடி 75, முன்கதவுகள் 70. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகள் முன்பின் கண்ணாடிகளுக்கு 70, பக்கங்களுக்கு 50 என்று வகுத்தன. 2012இல் உச்சநீதிமன்றம் படலம் ஒட்டுவதையே தடுத்துத் தீர்ப்பளித்தது. எங்கும் முன்கண்ணாடியிலும் சாரதியின் பக்கத்திலும் கண்டிப்பு அதிகம்; காரணம் முறிகண்டியில் நான் கண்டதே. ஒட்டுமுன் போக்குவரத்துப் பொலிசாரிடமோ மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலோ அளவைக் கேட்டறிவது நன்று. கடைக்காரரிடம் சட்டம் கேட்பது, பூனையிடம் பால் விலை கேட்பதுபோல.

இங்கே தாய்மாருக்கு ஒரு வார்த்தை. படலம் ஒட்டியாயிற்று, இனிப் பிள்ளை காரிலே உறங்கட்டும், நான் கடைக்குள் போய் வருகிறேன் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெவ்வேறு வெயில் நாட்களில் ஒரு காரை நிறுத்தி அளந்தனர். ஒரு மணி நேரத்தில் உள்ளே ஏறிய வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியசு. அதில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. வெளியே 32 பாகையாயின் உள்ளே 54 என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பெரியவரின் உடலைவிடக் குழந்தையின் உடல் மிக விரைவாகச் சூடேறும். படலம் இந்த ஏற்றத்தைச் சற்றுத் தாமதிக்கும், நிறுத்தாது.

கண்ணாடிக்குச் சென்ற நான் கடைக்காரரின் வாய்வன்மையால் வெளியுடம்புக்கும் ஒரு படலம் உண்டென்பதை அறிந்தேன். வர்ணப்பூச்சைக் காக்கும் தெளிந்த படலம் அது. வியற்நாம் யுத்தகாலத்தில் ஹெலிகொப்ரரின் சுழலும் அலகுகளை மணலும் கல்லும் அரிக்காமற் காக்கவென உருவான பொலியுரேத்தேன் தாளின் வழிவந்தது. தடிப்பு 150 முதல் 200 மைக்கிரோன் வரை. காரின் வர்ணப்பூச்சு முழுவதின் தடிப்பிலும் சற்று அதிகம். முன்னே செல்லும் லொறியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை இது தாங்கும். நல்ல வகையில் மெல்லிய கீறல் விழுந்தால், வெயிலிற் சிறிது நேரம் நிற்க அதுவாகவே மறையும். மலிவான வகை பீ.வீ.சி. தாளால் ஆனது, மஞ்சளித்து இறுகிவிடும்.

இதையும், 'செரமிக் கோட்டிங்' என்று சொல்லப்படும் திரவப் பூச்சையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் பலர். பின்னது பெரும்பாலும் சிலிக்கா கலந்த மெல்லிய பூச்சு. நீர் ஒட்டாமல் உருண்டோடும், காகத்தின் எச்சத்தைக் கழுவுவது எளிது, பளபளப்பும் நிற்கும். கல்லடியைத் தாங்கும் வலு அதற்கில்லை. கண்ணாடிப் படலத்து செரமிக்குக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. ஒரே சொல்லை மூன்று பொருளுக்குச் சொல்லி மூன்று பட்டியல் எழுதும் கடைகளும் உண்டு.

நமது நாட்டில் இந்தச் செலவைப் பகட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில் இருக்கிற காரைக் கண்ணிமைபோலக் காப்பதைத் தவிர வேறு வழி எவருக்கும் இருக்கவில்லை. ஆயினும் முழு உடம்புக்கும் ஒட்டுவிக்க வேண்டுமென்பதில்லை. முன்முகம், பொனற்றின் முன்பாதி, பக்கக் கண்ணாடிகளின் முதுகு, பிள்ளைகள் மிதித்து ஏறும் வாசற்படி என்ற நான்கு இடங்களே அடி வாங்குவன. ஏற்கனவே மறுபடி வர்ணம் பூசப்பட்ட பழைய காராயின் எச்சரிக்கை வேண்டும். படலத்தை என்றோ ஒருநாள் உரிக்கும்போது பழுதான பூச்சும் கூடவே உரிந்து வரலாம். என் கார் அத்தகையது. ஆகவே வாசற்படிக்கு மாத்திரம் ஒட்டுவித்து, மிச்சப் பணத்தில் முற்றத்திலே கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டேன். வேப்பமரத்தின் கீழ் நிறுத்தலாமே என்பர். காகங்கள் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

முடிவாக, பக்கங்களுக்கும் பின்னுக்கும் 70 எண்ணுள்ள தெளிவான செரமிக் படலத்தைத் தெரிந்தேன். ஒட்டும் நாளில் அருகிலேயே இருந்தேன். தூசியற்ற அறை முக்கியம். ஒரு மணல் உள்ளே அகப்பட்டால் அது அங்கேயே குடியிருக்கும். கண்ணாடியைக் கழுவி, சவர்க்கார நீர் தெளித்து, வெப்பக் காற்றால் தாளை வளைவுக்கேற்பச் சுருக்கி, ரப்பர்த் தகட்டினால் நீரை ஓரத்துக்குத் தள்ளி ஒட்டினார்கள். பின் கண்ணாடியிற் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருப்பதால் அங்கே கத்தி படக்கூடாது. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கினேன். எத்தனை ஆண்டு, நிறமாற்றமும் குமிழும் அடங்குமா என்பதையும் அதிலேயே எழுதுவித்தேன். முதல் வாரத்தில் நீர்ப்பூத்தது போன்ற மங்கல் தோன்றும். அது காய்ந்து மறைந்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் மட்டும் துடைக்கவேண்டாமென்றார்கள்.

மாலையில் வீடு வந்ததும் மனைவியார் சுற்றிவந்து பார்த்தார். "ஒண்டும் ஒட்டினமாதிரித் தெரியேல்லையே! காசை வாங்கிக்கொண்டு விட்டிட்டாங்களோ?" என்றார். மறுநாள் மதியம் கொட்டிலுக்கு வெளியே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, ஏறி அமர்ந்து கொளுக்கியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது; கையை எடுக்க வைக்கும் சூடாக இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாளைக்குக் கண்ணாடிகளை இறக்கக்கூடாதென்று கடைப் பையன் இரண்டுமுறை சொல்லி, விசைகளின் மேல் ஒட்டுத்தாளும் ஒட்டி அனுப்பியிருந்தான். இரண்டாம் நாள் பேரன் அந்தத் தாளை உரித்துத் தன் சட்டையிற் பதக்கமாகக் குத்திக்கொண்டு, பின்கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டான். மேல் மூலையில் ஒரு பெருவிரலளவு படலம் சுருண்டு நிற்கிறது. அவனுடைய ஆசனம் அந்தப் பக்கத்தில்தான்.